பட்டியல் எழுதியவர் ஒருவர், பட்டம் வாங்கியவர் ஒருவர்

பிரான்ஸின் பதினான்காம் லூயிக்கு இல்லாதது என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. வெர்சாய் அரண்மனை இருந்தது. ‘சூரிய ராஜா’ என்ற பட்டம் இருந்தது. அக்கம்பக்கத்து நாடுகளோடெல்லாம் சண்டை இருந்தது. 1697-இல் இவற்றோடு சீனப் புத்தகங்களும் வந்து சேர்ந்தன. சீனச் சக்கரவர்த்தி காங்ஷி, புவே என்கிற இயேசு சபைப் பாதிரியார் கையில் 49 தொகுதிகளைப் பரிசாகக் கொடுத்தனுப்பியிருந்தார். ராஜா வீட்டிலிருந்து ராஜா வீட்டுக்கு வந்த சீர்வரிசை. மரியாதையாக வாங்கி, அடுக்கி வைத்தாயிற்று. பிறகுதான் சிக்கல். வாசித்துச் சொல்ல நூலகத்தில் ஆள் இல்லை. சீனப் புத்தகம் ஐரோப்பியர் கணக்குக்குக் கடைசிப் பக்கத்தில் தொடங்கும். வரிகள் மேலிருந்து கீழே இறங்கும். அலமாரியில் எது நேராக நிற்கிறது, எது சிரசாசனம் செய்கிறது என்று சொல்வதற்கே ஒரு பண்டிதர் தேவைப்பட்டார்.

பிரெஞ்சுக்காரர்கள் இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. இங்கிலீஷ்காரர்கள் கதையும் அதுதான். ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகம் 1600-களின் தொடக்கத்திலிருந்தே சீனப் புத்தகங்களை வாங்கிச் சேர்த்துவந்தது. வாசிக்கத்தான் ஆளில்லை. 1687-இல் ஷென் ஃபூசோங் என்ற சீனக் கிறிஸ்தவர் அங்கே வந்து, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, எது தலை, எது கால், உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னார். நூலகர் தாமஸ் ஹைடு பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டார். இருவரும் பேசிக்கொண்டது லத்தீனில். இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஜேம்ஸ், ஷென்னைப் படமாக வரையவைத்துத் தன் அறையில் மாட்டிக்கொண்டார். ஊர் திரும்பும் வழியில், 1691-இல், மொசாம்பிக் பக்கத்தில் ஷென் இறந்துபோனார். ஐரோப்பிய நூலகத்துக்கு வேலைக்குப் போகும் சீனருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு இப்படி ஒரு முன்மாதிரி ஏற்பட்டது: படம் கிடைக்கும், ஊர் கிடைக்காது.

நம் கதாநாயகருக்குப் படமும் கிடைக்கவில்லை. அவர் பெயர் ஹுவாங் ஜியாலுவே. 1679-இல் ஃபூஜியான் மாகாணத்தில், இன்று பூத்தியான் எனப்படும் ஊரில் பிறந்தவர். அப்பா கிறிஸ்தவர், பெயர் பவுல். வரிசையாக நான்கு பெண்கள் பிறக்கவே, ஒரு ஆண்பிள்ளையைக் கொடுத்தால் அதை உனக்கே தந்துவிடுகிறேன் என்று ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிறந்தது. ஆர்காடியோ என்று ஞானஸ்நானப் பெயர் வைத்தார்கள். நேர்ந்துவிட்ட பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. கிடாயிடம் கேட்கிறோமா என்ன?

அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். வேண்டுதல் மட்டும் உயிரோடு இருந்தது. பிள்ளை பிரெஞ்சு மிஷனரிகள் கைக்குப் போனான். ஒரு பக்கம் லத்தீன் இலக்கணம், இன்னொரு பக்கம் கன்ஃபூசியஸ் என்று இரண்டு மாட்டு வண்டியாகப் படிப்பு ஓடியது. வீட்டில் பேசியது பூத்தியான் வட்டார மொழி, படித்தவர்களோடு பேசியது மாண்டரின், பாதிரியார்களோடு லத்தீன். பிற்பாடு பிரெஞ்சும் சேர்ந்துகொண்டது. இத்தனையும் வயிற்றுப்பாட்டுக்கு உதவும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. பையனைச் சாமியாராக்குவதுதான் திட்டம்.

திட்டத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருந்தது. சீனக் கிறிஸ்தவர்கள் முன்னோருக்கு ஊதுபத்தி ஏற்றலாமா, கன்ஃபூசியஸுக்கு வணக்கம் செலுத்தலாமா என்பது கேள்வி. அது குடும்ப மரியாதை, செய்துவிட்டுப் போகட்டும் என்றது இயேசு சபை. அது விக்கிரக ஆராதனை, கூடவே கூடாது என்றது பாரிஸ் அந்நிய மிஷன் சங்கம். இதே சண்டையின் தமிழ்ப் பதிப்பு புதுச்சேரியில் நடந்தது. சீனாவுக்குப் போகும் வழியில் அங்கே இறங்கிய போப்பின் தூதர் துர்னோன், 1704-இல் ஓர் ஆணை போட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, திருநீறு கூடாது என்று அந்தப் பட்டியல் நீண்டது. சீன ஊதுபத்தியையும் தமிழ்த் தாலியையும் ஒரே ஆள், ஒரே பயணத்தில் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லக் கிளம்பியிருந்தார். தன்னம்பிக்கை என்றால் அதுதான்.

இந்த வழக்கில் மிஷன் சங்கத்துக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. கூண்டில் ஏறிப் பேசும் சாட்சி அல்ல. பார்த்தாலே போதும் என்கிற சாட்சி. ஊதுபத்தி வாசனையே படாமல், லத்தீன் பேசிக்கொண்டு, அங்கி போட்டுக்கொண்டு நிற்கும் அசல் சீனர் ஒருவரைப் போப்பாண்டவர் முன்னால் நிறுத்தினால் வழக்கு பாதி ஜெயித்த மாதிரி. ரோசாலி ஆயர் ஆர்த்துஸ் தெ லியோன் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். இவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. லூயியின் வெளியுறவு அமைச்சராக இருந்தவரின் மகன். சயாம் தூதர்கள் பிரான்ஸுக்கு வந்தபோது அவர்களோடு வந்தவர். கீழ்த்திசை மனிதர்களைக் கப்பலேற்றி வெர்சாய்க்குக் கொண்டுவருவதில் அனுபவசாலி.

1702 பிப்ரவரியில் ஆயரும் ஹுவாங்கும் ஆங்கிலேய கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் ஏறினார்கள். அந்த வருஷக் கடைசிக்குள் லண்டனைத் தொட்டுப் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். ஹுவாங்குக்கு இருபத்திரண்டு வயது. ஐரோப்பாவைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பாதிரியார்கள் சொன்னதுதான். அவர்கள் சொன்னதோ, அங்கே எல்லாரும் புண்ணியாத்மாக்கள், திருட்டு கிடையாது, தூக்குத்தண்டனை என்ற பேச்சே கிடையாது என்று. புதிதாக வந்த ஹுவாங் ஒரு தேவாலயத்தில் தன் தொப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். திருட்டே இல்லாத ஊரில் தொப்பிக்கு என்ன பயம்? அப்புறம் யாரோ ஒரு கொலைகாரனைத் தூக்கில் போடப்போகிறார்கள் என்று காதில் விழுந்தது. மனிதர் ஆடிப்போய்விட்டார். பின்னாளில் இந்தக் கதையைக் குறித்து வைத்தவர் சாமானியர் அல்ல, மோந்தெஸ்கியு. அவரிடம் பிறகு வருவோம்.

ரோமுக்குப் போனார்கள். அங்கே வழக்கு, விசாரணை, வாய்தா என்று வருஷக்கணக்கில் இழுத்தது. ஹுவாங்குக்குக் குருப்பட்டம் கொடுக்க எல்லாம் தயார். போப்பாண்டவர் முன் நிற்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, பிறப்பதற்கு முன்பே நேர்ந்துவிடப்பட்ட பிள்ளை முதல்முறையாக வாயைத் திறந்தது. தனக்குக் குருப்பட்டம் வேண்டாம் என்றார்.

ஆயரின் முகம் எப்படிப் போயிருக்கும் என்பதை அவரவர் கற்பனைக்கு விட்டுவிடலாம். இத்தனை கடல் தாண்டிக் கூட்டிவந்த சாட்சி, நீதிமன்ற வாசலில் பிறழ்சாட்சியாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் படிக்கட்டும், மனசு மாறும் என்று பாரிஸுக்கே திரும்பக் கூட்டிவந்து, ‘பாக்’ தெருவில் இருந்த மிஷன் சங்க விடுதியில் தங்கவைத்தார். மனசு மாறவில்லை. ஹுவாங்குக்கு மாலைநேர ஜெபத்தைவிடப் பாரிஸ் பிடித்திருந்தது.

சாமியாராக மறுத்த சீனருக்குப் பாரிஸில் என்ன வேலை கிடைக்கும்? இங்கேதான் பாதிரியார் பீன்யோன் வருகிறார். அந்தக் காலத்து பிரான்ஸில் அறிஞர் பேரவை என்று ஒன்று கூடினால் அதில் பீன்யோனுக்கு ஒரு நாற்காலி இருக்கும். பின்னாளில் அரச நூலகத்துக்கே தலைவரானார். படிக்க முடியாத சீனப் புத்தகங்கள் ஒரு பக்கம், வேலை இல்லாத சீனர் ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்துவைத்தார். ஹுவாங் அரச நூலகத்துச் சீன நூல்களைப் பார்த்துப் பட்டியல் எழுத வேண்டும். சீன-பிரெஞ்சு அகராதியும் சீன இலக்கணமும் செய்ய வேண்டும். பதவியின் பெயர் ‘ராஜாவின் சீன மொழிபெயர்ப்பாளர்’. கேட்கப் பிரமாதமாக இருக்கிறதா? மொழிபெயர்த்துச் சொல்வதற்குச் சீனத் தூதர் ஒருவரும் அந்த ராஜாவைப் பார்க்க வரவில்லை என்பதுதான் அதில் உள்ள ஒரே குறை.

ஆனால் அகராதி வேலை விளையாட்டல்ல. ஆயிரக்கணக்கான எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது? ஐரோப்பியர்கள் உச்சரிப்பை லத்தீன் எழுத்தில் எழுதி அகர வரிசையில் அடுக்கிப் பழகியவர்கள். உச்சரிப்பு தெரியாத எழுத்து கண்ணில் பட்டால் அந்த வரிசையில் எங்கே போய்த் தேடுவது? சீனர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். எல்லா எழுத்துகளையும் அவற்றின் அடிப்படை உறுப்பைப் பார்த்து 214 குடும்பங்களாகப் பிரித்தார்கள். ‘மரம்’ என்ற உறுப்பு ஒரு குடும்பத் தலைவர். அதையே இரண்டு எழுதினால் தோப்பு, மூன்று எழுதினால் அடர்ந்த காடு. தண்ணீர்க் குடும்பத்தில் ஆறு, கடல், ஏரி என்று ஒரு பட்டாளமே குடியிருக்கும். எழுத்தைப் பார்த்தாலே இது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். பிறகு கோடுகளை எண்ணினால் ஆளைப் பிடித்துவிடலாம். 1615-இல் வந்த ஓர் அகராதி தொடங்கிவைத்த முறை இது. ஹுவாங் இதைப் பாரிஸில் கடைவிரித்தார். அகர வரிசையே வேதம் என்றிருந்த ஊரில் இது பெரிய காரியம்.

உதவிக்கு ஆட்கள் வந்தார்கள். முதல் ஆள் நிக்கொலா ஃப்ரெரே. இருபதுகளில் இருந்த இளைஞர், நல்ல மூளை, நல்ல மனசு. இரண்டாவது டெலீல், பெயர்பெற்ற வரைபட நிபுணரின் தம்பி. சீனாவைப் பற்றி ஐரோப்பாவில் வந்த புகழ்பெற்ற புத்தகங்களை எல்லாம் கொண்டுவந்து படியுங்கள் என்று ஹுவாங்கிடம் நீட்டியவர் இவர். ஹுவாங் படித்தார். தன் நாட்டைப் பற்றித் தனக்கே தெரியாத எத்தனையோ சங்கதிகள் அதில் இருந்தன. சீனர்களின் பெருமை எல்லாம் சுருங்கிப்போய், நாகரிகம் கற்றுக்கொடுக்க வந்த ஐரோப்பியரின் பெருமை பக்கத்துக்குப் பக்கம் பொங்கி வழிந்தது.

பட்டியலுக்கும் அகராதிக்கும் நடுவே ஹுவாங்கும் ஃப்ரெரேயும் ஒரு நாவலையும் மொழிபெயர்க்கத் தொடங்கினார்கள். ‘யூ ஜியாவ் லீ’ என்று பெயர். ஓர் இளங்கவிஞன், உறவுக்காரப் பெண்கள் இருவர், நிறையக் கவிதை, கொஞ்சம் சூழ்ச்சி. கடைசியில் கவிஞன் இருவரையுமே கல்யாணம் செய்துகொள்கிறான். பிரம்மச்சாரியாக நேர்ந்துவிடப்பட்டவர் மொழிபெயர்க்க எடுத்த கதை இது. மிஷன் சங்கம் ஏன் இவரைக் கைகழுவியது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். சில அத்தியாயங்களோடு அது நின்றுபோனது.

1713-இல் நம்மவருக்கும் கல்யாணம். மணப்பெண் மரி-குளோத் ரெஞ்ஞே என்ற பாரிஸ் பெண். கவிஞனைப் போல் பேராசை இல்லை. ஒருத்தி போதும் என்றிருந்தார். அதே ஆண்டு ஆயர் லியோன் காலமானார். வேண்டுதல் கணக்கு அத்தோடு முடிந்தது.

ஹுவாங்கைத் தேடி ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசியதும் அந்த ஆண்டுதான். இருபத்து நான்கு வயது, போர்தோ பக்கத்து ஆள், கையில் குறிப்பேடு. அவர்தான் மோந்தெஸ்கியு. சீனாவில் தேர்வு எப்படி நடக்கும், தண்டனை எப்படி, மதம் என்ன, குடும்பம் எப்படி என்று குடைந்து குடைந்து கேட்டார். கேட்டதை எல்லாம் எழுதிக்கொண்டார். எட்டு ஆண்டு கழித்து, 1721-இல், ‘பாரசீகக் கடிதங்கள்’ என்ற நூலைத் தன் பெயர் போடாமல் வெளியிட்டார். பாரிஸுக்கு வந்த இரண்டு பாரசீகர்கள் பிரெஞ்சுக்காரர்களின் கூத்துகளைப் பார்த்து வியந்து ஊருக்குக் கடிதம் எழுதுவதாகக் கதை. தேவாலயத்தில் தொப்பியை வைத்துவிட்டுப் போன மனிதரின் கண்கள்தான் அந்தப் பாரசீகர்களுக்குள் இருக்கின்றன என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். இருக்கலாம். புத்தகம் சக்கைப்போடு போட்டது. பிறகு 1748-இல் ‘சட்டங்களின் ஆன்மா’ எழுதியபோது அதே மோந்தெஸ்கியு சீனாவைக் கொடுங்கோல் நாடு என்று முத்திரை குத்தினார். விருந்து சாப்பிட்டுவிட்டுச் சாம்பாரில் உப்பில்லை என்பது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

இந்தச் சமயத்தில் ஹுவாங் ஒரு நாட்குறிப்பு எழுதினார். சரித்திர நாயகர்கள் எழுதும் ரகம் அல்ல. வீட்டுச் செலவு, உடம்புக்கு முடியாமல் போனது, யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று போகும். நடுநடுவே மனிதருக்குக் குறும்பு தலைதூக்கும். அன்றைக்கு மட்டும் தன்னைத் தானே ‘மேன்மைமிகு கர்தினால்’ என்று குறிப்பிட்டுக்கொள்வார். வேறொரு நாள் டியூக் ஆகிவிடுவார். குருப்பட்டமே வேண்டாம் என்று ஓடிவந்தவர், சும்மா கிடைத்தால் கர்தினால் பட்டமாகவே இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டார். பட்டம் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காவிட்டால் நமக்கு நாமே திட்டம்தானே ஒரே வழி?

ஃப்ரெரே 1714-இல் அறிஞர் பேரவையில் சீன எழுத்தைப் பற்றியும் 214 உறுப்புகளைப் பற்றியும் உரையாற்றினார். யாரிடம் கற்றோம் என்பதை மறைக்கவில்லை. பேரவையின் சரித்திரத்தில் இது அபூர்வம். அதே ஆண்டு வேறொரு உரையில் பிரெஞ்சுக்காரர்களின் மூதாதையரான பிராங்குகளைப் பற்றிப் பேசினார். டிராய் நகரத்து வீரர்களின் வாரிசுகள் நாங்கள் என்பது பிரெஞ்சு வம்சப் பெருமை. அதெல்லாம் இல்லை, அவர்கள் ஜெர்மானியக் கூட்டம் என்றார் ஃப்ரெரே. டிசம்பரில் பாஸ்தில் சிறைக்குள் இருந்தார். சீனாவைப் பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம், சொந்த ஊர்த் தாத்தாவைப் பற்றித்தான் பேசக்கூடாது.

ஆமை புகுந்த கதை இதற்கிடையில் நடந்தது. பீன்யோன் இன்னோர் உதவியாளரை அனுப்பினார். பெயர் எத்தியேன் ஃபூர்மோன். பல மொழி படித்தவர். 1715-இல் அரசக் கல்லூரியில் அரபுப் பேராசிரியரானவர். படிப்பில் குறை சொல்ல முடியாது. கைதான் கொஞ்சம் நீளம். ஒரு நாள் ஹுவாங்கின் காகிதங்களைத் திருட்டுத்தனமாக நகலெடுத்துக்கொண்டிருந்தபோது கையும் களவுமாக மாட்டினார். நூலகத்தில் நகலெடுப்பது என்ன குற்றமா என்று கேட்கலாம். யார் பெயரைப் போட்டு வெளியிடப்போகிறோம் என்பதைப் பொறுத்தது.

1715-இல் ஹுவாங் தம்பதிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. சில நாளில் தாய் இறந்துவிட்டாள். குழந்தைக்கும் தாயின் பெயரையே வைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் முதல் தேதி சூரிய ராஜாவும் அஸ்தமித்தார். 1716 அக்டோபர் முதல் தேதி ஹுவாங் இறந்தபோது அவருக்கு 36 வயது. சில மாதங்களில் குழந்தையும் போய்விட்டது. 214 உறுப்பு முறையில் சீனச் சக்கரவர்த்தி காங்ஷி தொகுக்கச் சொன்ன மாபெரும் அகராதி பீக்கிங்கில் முடிந்ததும் அந்த 1716-தான். பாரிஸில் அகராதி பாதியில் நின்றது.

இறந்தவரின் காகிதங்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு யாருக்குப் போனது? சரியாக ஊகித்தீர்கள். ஃபூர்மோன் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து ஓர் அறிக்கை கொடுத்தார்: இதில் உருப்படியாக ஒன்றுமில்லை என்கிற தோரணையில். அதன் பிறகு அதே துறையில் மும்முரமாக இறங்கினார். மரத்தில் 80,000-க்கும் மேற்பட்ட சீன அச்செழுத்துகளைச் செதுக்கவைத்தார். 1737-இல் ஒரு நூல், 1742-இல் சீன இலக்கணம். 214 உறுப்பு முறையை பிரான்ஸுக்கு அறிமுகப்படுத்திய பெருமை முழுவதும் அவர் கணக்கில் வரவானது. ஹுவாங்கின் பெயர் வரும் இடமெல்லாம் ஒரு குத்தல். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறிவிட்டு, நெய் கொஞ்சம் காறல் என்றும் குறை சொன்னார்.

ஃபூர்மோனுக்கு இது பழக்கமாகவே போய்விட்டது. சீனாவிலிருந்த பாதிரியார் ப்ரேமார், வாழ்நாள் உழைப்பில் எழுதிய சீன மொழி நூலை இவரை நம்பி அனுப்பிவைத்தார். அது வந்து சேருமுன் 1729-லேயே தன் இலக்கணக் கையெழுத்துப் படியை அரச நூலகத்தில் அவசரமாகப் பதிவு செய்துவிட்டு, ப்ரேமாரின் நூலைப் பற்றி மட்டமாகப் பேசினார். ப்ரேமாரின் நூல் அச்சேற 1831 ஆனது, அதுவும் மலாக்காவில். ஃபூர்மோனின் இலக்கணமே பெரும்பகுதி வாரோ என்ற ஸ்பானியப் பாதிரியாரின் நூலிலிருந்து எடுத்தது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீன மொழி அறிஞர் அபெல்-ரெமுசா போட்டு உடைத்தார். ஹுவாங்கும் ஃப்ரெரேயும் தொட்டு நிறுத்திய ‘யூ ஜியாவ் லீ’ நாவலை 1826-இல் முழுதாக பிரெஞ்சில் கொண்டுவந்தவரும் இவர்தான்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். ஹுவாங் விஷயத்தில் உழக்கு மிஞ்சியது, ஃப்ரெரேயின் புண்ணியத்தால். நண்பரின் வேலையை அவர் எழுதிவைத்தார். 1985-இல் தானியேல் எலிசேஃப் ஹுவாங்கின் வாழ்க்கையை பிரெஞ்சில் எழுதினார். ஜோனதன் ஸ்பென்ஸ் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். சீனாவிலும் 2004-இல் ஒரு நூல் வந்தது.

இவர்கள் எல்லாரும் ஹுவாங்கைத் தேடிப்போனபோது, பாரிஸ் வாழ்க்கையை அவர் வாயாலேயே சொல்லும்படி கையில் கிடைத்தது எது தெரியுமா? அந்த நாட்குறிப்பு. அகராதிக்குப் போட்டி இருந்தது, இலக்கணத்துக்குப் போட்டி இருந்தது, 214 உறுப்புகளுக்கும் ஒரு சொந்தக்காரர் முளைத்தார். வீட்டுச் செலவையும் உடம்பு வலியையும் நகலெடுத்துத் தன் பெயரில் வெளியிட ஃபூர்மோனுக்கே தோன்றவில்லை. ஆகவே பெரிய மனிதர்களின் கீழே பட்டியல் எழுதும் சகலருக்கும் ஒரு யோசனை: வேலையை நன்றாகச் செய்யுங்கள், அது எப்படியும் மேலதிகாரி பெயரில் வரும். ராத்திரி வீட்டுக்கு வந்து பால் கணக்கையும் எழுதிவையுங்கள். கையோடு கர்தினால் பட்டத்தையும் போட்டுக்கொள்ளுங்கள்.